சிக்னலில் நின்றால் மட்டும் முள் ஏறுகிறது: ஹெட் கேஸ்கெட்தானா?

கேள்வி: ஏப்ரல் 20, 2024

பெட்ரோல் கார், பதினோரு வயது, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு நெடுஞ்சாலையில் போனால் வெப்ப முள் நடுக்கோட்டைத் தாண்டுவதே இல்லை. ஊருக்குள் காளைமாட்டுச் சிலை சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர், ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் போதும் என்கிறார். பணத்தைக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

ஏப்ரல் 20, 2024, இரவு 9.50

பணத்தைக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டி சூடேறுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எப்போது?" என்றுதான். நின்றால் சூடேறுகிறதா, ஓடினால் சூடேறுகிறதா, மலை ஏறினால் மட்டுமா, கிளப்பிய பத்து நிமிடத்திலா? ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இருக்கிறது. நின்ற வண்டிக்கு ஃபேன் ஒன்றுதான் துணை. நெடுஞ்சாலையில் முள் அசையாமல், சிக்னலில் மட்டும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகவில்லை என்பதே முதல் சந்தேகம். அடைத்துப்போன ரேடியேட்டரும் தேய்ந்த வாட்டர் பம்பும் பெரும்பாலும் வேகத்திலும் ஏற்றத்திலும்தான் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அதிக வெப்பத்தை உண்டாக்குவது அப்போதுதான்.

நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். வண்டியைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சு), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். பல வண்டிகளில் ஹாரன் ரிலேவும் ஃபேன் ரிலேவும் ஒரே வகை. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டையும் இடம் மாற்றிச் செருகினால் ரிலே பழுதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடாவிட்டால் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகியுங்கள்.

ஏப்ரல் 20, 2024, இரவு 10.15

படுத்த பிறகு எழுந்து வந்து எழுதுகிறேன். இதை முதல் வரியாகவே எழுதியிருக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஈரத்துணி போட்டும் வேண்டாம், மெல்லத் திருகியும் வேண்டாம், "கொஞ்சம் ஆறிவிட்டது" என்று நினைத்தும் வேண்டாம்.

என் சித்தப்பா திறந்தார். ஏற்காடு போகும் வழியில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருந்தோம். நானும் தம்பியும் பின் இருக்கையில். அவர் துண்டை நனைத்து மூடியின் மேல் போட்டு அழுத்தித் திருகினார். உள்ளே இருப்பது வெந்நீர் மட்டுமல்ல, அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் வெந்நீர். 0.9 (பார் அழுத்தம்) என்று அச்சிட்ட மூடி போட்டால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடி விலகிய நொடியில் அழுத்தம் போய்விடுகிறது, மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்துப் பொங்குகிறது. துண்டு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது. ஆறு வாரம் அவர் வலது கையால் சோறு பிசையவில்லை.

மேல் ஹோஸை (ரேடியேட்டரின் மேல்பக்கத்தை இன்ஜினோடு இணைக்கும் தடித்த ரப்பர் குழாய்) வெறும் கையால் பிடித்து அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். கோடையில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆகட்டும்.

இன்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென ஓடத் தொடங்கும். கையை அங்கே வைக்காதீர்கள்.

ஏப்ரல் 21, 2024

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பற்றி. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் தவறான யோசனை இது. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்கிறார்கள். அது குளிர்நாட்டுக்காரர்களுக்கான சாமான் இல்லை. இன்ஜின் எந்த வெப்பத்தில் வேலை செய்ய வேண்டுமோ அந்த வெப்பத்துக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்துவது அதுதான். பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடாக நெடுநேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜின் என்று எண்ணிக்கொண்டு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், சிலிண்டர் தேயும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு கீழே உள்ள குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவத்தில்) ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றியவருக்குச் சூடு கூடும்.

பழுதா என்று பார்க்க வேண்டுமானால் வெளியே எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நான் 2019இல் செய்தது இது. பழைய பால் பவுடர் டப்பாவில் தண்ணீர், அடுப்பில் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, டப்பாவின் அடியைத் தொடாதபடி தொங்கவிட்டேன். பக்கத்தில் ஒரு வெப்பமானி. 82 என்று பொறித்திருந்தது. 84இல் ஒரு மெல்லிய கோடாகப் பிரிந்தது. அப்பாடா, நல்லது என்று நினைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, அப்போதும் அந்தக் கோடு கோடாகவே இருந்தது, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரியவில்லை. புதியது ஒன்றை அதே டப்பாவில் தொங்கவிட்டேன். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு வாயைத் திறந்தது. பக்கத்துப் பக்கத்தில் பார்த்தபோதுதான் என் வண்டி மலையேறும்போது மட்டும் ஏன் திணறியது என்று புரிந்தது.

சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் கூலன்ட் விஷம்.

ஏப்ரல் 23, 2024

ஃபேன் நன்றாகவே ஓடுகிறது, ஏசி போட்டாலும் ஓடுகிறது, சூடேறினாலும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஃபேனை விட்டுவிடலாம். அடுத்ததுக்குப் போவோம்.

28,000 ரூபாய் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஹெட் கேஸ்கெட் போனால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்ட் வழிக்குள் புகும், அல்லது கூலன்ட் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ புகும். இரண்டுக்கும் அடையாளம் உண்டு.

காலையில், இரவு முழுக்க நின்று சில்லென்று ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கிளப்புங்கள். ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். சோடா பாட்டில்போலக் குமிழ்கள் இடைவிடாமல் வந்தால் சந்தேகம் வலுக்கும். அன்றே இன்ஜினை ஆறவிட்டு மூடியைப் போட்டு, மறுநாள் காலை மறுபடி கிளப்பி, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். இன்னும் வெதுவெதுப்புகூட ஏறாத ஹோஸ் கல்போல இறுகியிருந்தால் அந்த அழுத்தம் சூட்டால் வந்ததில்லை, சிலிண்டரிலிருந்து வந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை, அதில் இனிப்பான வாடை. ஆயில் மூடிக்கு அடியில் பால்விட்ட காபி நிறத்தில் கோழை. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது தெளிவாக இருக்கும்.

இதற்கென்றே ஒரு நீல திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்துக்குள் இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். எந்தச் சோதனையும் செய்யாமல், மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் கேஸ்கெட் என்று சொன்னார்களா என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் 2016இல் எனக்கே இது நடந்தது. சேலத்தில் ஒரு பட்டறையில் கேஸ்கெட் என்றார்கள். நான் எதையும் கேட்கவில்லை. ஹெட்டை இறக்கினார்கள், மட்டம் பார்த்தார்கள், கேஸ்கெட் மாற்றினார்கள். பதினெட்டாயிரம் ரூபாய், ஒன்பது நாள். வண்டி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மறுபடி கூலன்ட் பொங்கி வழிந்தது. அன்று மாலை வாசல் திண்ணையில் உட்கார்ந்து ரேடியேட்டர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையத்தில் நகத்தை ஓட்டினால் ஓர் இடத்தில் தடுக்கியது. அரை சென்டிமீட்டர் நீள வெடிப்பு. மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை, ஆகவே கூலன்ட் சீக்கிரமே கொதித்தது. புது மூடி 220 ரூபாய். அந்த மூடி இன்றும் அந்த வண்டியில் இருக்கிறது.

ஆகவே உங்கள் மூடியையும் பாருங்கள். ரப்பரைப் பாருங்கள், ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள், நடுவில் உள்ள சிறு வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள். அது தானாகத் திரும்பி உட்கார வேண்டும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அந்தச் சிறு வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏப்ரல் 24, 2024

குமிழ் பற்றி ஒரு திருத்தம். நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர், கூலன்ட் மாற்றிய மறுநாள் குமிழ் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், நான் முழுமையாகச் சொல்லவில்லை. கூலன்ட் புதிதாக ஊற்றிய வண்டியில் உள்ளே சிக்கிய காற்றும் குமிழாகத்தான் வெளியேறும். அது சில நிமிடங்களில் குறைந்து நின்றுவிடும். கேஸ்கெட் குமிழ் நிற்காது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடும். மழைக்காலத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் மெல்லிய வெண்கோழை வெறும் ஈரத்தாலும் வரும். ஆயில் அளவுக்கோலை உருவிப் பாருங்கள், அதில் சுத்தமான ஆயில் இருந்தால் பதற வேண்டாம்.

ஏப்ரல் 28, 2024

ஈரோட்டு நண்பரின் சோதனை முடிவுகள்: குமிழ் இல்லை. குளிர்ந்த ஹோஸ் மெத்தென்று இருக்கிறது. புகையில் வாடை இல்லை. ஆயில் சுத்தம். மூடியின் ரப்பர் நல்ல நிலையில் இருக்கிறது. சூடானால் கூலன்ட் பாட்டிலில் அளவு ஏறுகிறது, ஆறினால் இறங்குகிறது.

கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூடி இரண்டு திசையிலும் வேலை செய்கிறது, கூலன்ட் எங்கும் கசியவில்லை என்று அது சொல்கிறது. கேஸ்கெட் மேல் எனக்கு இப்போது சந்தேகம் மிகக் குறைவு.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்பக்கம். பல கார்களில் முன்னால் ஏசி கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி), அதன் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரிவது கண்டென்சர் மட்டும்தான். அது பளிச்சென்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ள விரலளவு சந்தில் குப்பை அடைத்திருக்கும். போன அறுவடைக்குப் பிறகு என் வண்டியில் இருந்து ஒரு கைப்பிடி வைக்கோல் துகள், பூச்சி இறக்கை, இலவம் பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளிபோலப் படிந்த ஒரு துண்டை உரித்து எடுத்தேன். டார்ச்சை ஃபேன் பக்கமிருந்து அடித்து முன்பக்கம் வெளிச்சம் வருகிறதா பாருங்கள். கழுவும்போது பிரஷர் வாஷரை அருகில் கொண்டுபோகாதீர்கள், ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழ்கள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும், ஃபேன் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி அடியுங்கள்.

மே 2, 2024

கழுவியும் மாற்றம் இல்லையாம். யோசிக்கிறேன்.

நடுவில் இன்னொருவர், போர் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. எங்கள் தெருவில் போர் தண்ணீரில் வேகவைத்த பாத்திரத்தில் நான்கு நாளில் வெள்ளை ஏடு படிகிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் ஸ்ட்ராவைவிடக் குறுகலானவை, அங்கேயும் அதே ஏடுதான் படியும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் உப்பு நீக்கியது. கூலன்ட் அடர்த்தியானதாக இருந்தால் அதோடு சரிபாதி கலக்கலாம், ஏற்கெனவே கலந்து விற்பதாக இருந்தால் அப்படியே ஊற்ற வேண்டும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழலாம்.

நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்பவர்களுக்கு: சரிபாதி கலவை திறந்த நிலையிலேயே 107 டிகிரி வரை கொதிக்காது, துருப் பிடிக்காமலும் காக்கும். ஏற்காட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

வடித்த கூலன்டை வாசலில் ஊற்றாதீர்கள். அது இனிப்பாக இருக்கும். தெருநாய்கள் நக்கும். சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். எங்கள் சந்தில் வளைய வந்த ஒரு செவலை நாய் அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள்.

மே 5, 2024, காலை 6.20

ஈரோட்டு நண்பரே, ஏப்ரல் 23இல் நீங்கள் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். ஃபேன் ஓடுகிறது என்ற வரிக்குக் கீழே, "சிக்னலில் ஏசியும் சரியாகக் குளிர்வதில்லை, வயதாகிவிட்டது போல" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கவனிக்காமல் விட்டது பெரிய பிழை.

ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் பொதுவானது காற்று. இரண்டும் நின்ற இடத்தில் திணறுகின்றன, ஓடும்போது இரண்டும் சரியாகிவிடுகின்றன. காற்றுதான் குற்றவாளி. ஃபேன் ஓடுகிறது என்பதால் அதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஃபேன் ஓடினால் போதாது. எந்தப் பக்கம் சுற்றுகிறது? எவ்வளவு காற்றை இழுக்கிறது?

ஒரு செய்தித்தாள் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும்போது வண்டிக்கு முன்னால் நின்று, கிரில்லுக்கு அருகில் தாளைப் பிடியுங்கள். உங்கள் வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பதால் அது காற்றை முன்னாலிருந்து இழுக்க வேண்டும். தாள் கிரில்லோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேன் மோட்டாரை எப்போதாவது மாற்றினீர்களா?

மே 5, 2024, இரவு 8.05

தாள் அவர் முகத்தில் வந்து விழுந்ததாம்! சூடான காற்றோடு.

பிப்ரவரியில் ஃபேன் மோட்டார் எரிந்துபோய் வேறு கம்பெனி மோட்டார் போட்டிருக்கிறார்கள். பிளக் பொருந்தவில்லை. ஒயரை வெட்டி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு ஒயரும் மாறிவிட்டன. இந்த வகை மோட்டாரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இறகின் வளைவு ஒரு பக்கத்துக்கென்று அமைந்தது, எதிர்ப்பக்கம் சுற்றினால் பாதிக் காற்றுகூட வராது. வருகிற அந்தக் கொஞ்சக் காற்றும் இன்ஜின் அறையின் அனலை வாரிக்கொண்டு ரேடியேட்டர் மேலேயே கொட்டும். பார்ப்பவருக்கு ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது, சத்தமும் இருக்கிறது. வண்டி எப்போது முதல் சூடேறத் தொடங்கியது என்று நான் முதல் நாளே கேட்டிருந்தால் பிப்ரவரி என்ற சொல் அன்றே வந்திருக்கும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஒயரை மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்ற வேண்டாம், அந்த இடமே சூடேறிக் கருகும். கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள் (உலோகக் குப்பியில் ஒயர்களைச் செருகி இறுக்கி நசுக்குவது) அல்லது சால்டர் வையுங்கள்.

மே 7, 2024

அவர் எழுதியது: காளைமாட்டுச் சிலை, பகல் ஒரு மணி, பன்னிரண்டு நிமிட நெரிசல், ஏசி போட்டபடி. முள் நடுவில். மனைவி ஏசியைக் குறைக்கச் சொன்னாராம். இதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. செலவு, கிரிம்ப் செய்ததற்கு 150 ரூபாய்.

மே 19, 2024

இந்தக் கேள்வி-பதில் இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். தருமபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைப் பார்த்ததும் உடனே எழுதுகிறேன். அவர் வண்டியில் முள் சிவப்புவரை போய், பிறகு தானாகக் குளிர்ப்பக்கம் சரிந்துவிட்டதாம். சரியாகிவிட்டது என்று இன்னும் ஏழு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்.

சரியாகவில்லை. கூலன்ட் தீர்ந்துவிட்டது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் வெப்பத்தைச் சரியாகக் காட்டும். நீர் இறங்கி சென்சார் வெற்று இடத்தில் தொங்கினால் முள் விழுந்துவிடும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். முள் ஏறிய வேகத்தில் விழுந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள், ஏழு மீட்டர்கூடப் போகாதீர்கள். முள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்டுவிட்டீர்கள், நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரத்துக்கு ஊர்ந்து வாருங்கள். ஹீட்டர் என்பதே ஒரு குட்டி ரேடியேட்டர்.

அவருடைய வண்டியில் அலுமினிய ஹெட். அது வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த முறை ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும் என்று சொல்வதற்கு எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். மட்டப்பலகையை ஹெட்டின் மேல் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) அடியில் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு வரை அனுமதி என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் அது 0.05 மில்லிமீட்டர். அதைத் தாண்டியிருந்தால் சமன் செய்யாமல் புதுக் கேஸ்கெட் போட விடாதீர்கள்.

ஜூன் 9, 2024

ஈரோட்டு நண்பர் குடும்பத்தோடு ஏற்காடு போய்வந்திருக்கிறார். அடிவாரத்திலேயே ஓபிடி கருவியை (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் சிறு கருவி) செருகிக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார். பல கார்களில் முள் 75 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவில் நிற்கும், ஆகவே எண்ணைப் பார்ப்பது நல்லது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பதினான்காவது வளைவில் 98, ஃபேன் ஓடியதும் 93, மேலே போய்ச் சேர்ந்தபோது 91.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மூடியைத் திறக்கவில்லையே?"

திறக்கவில்லை என்றேன்.